ஷெட்டில் நிற்கிற பத்மினிக்கும் வேர்க்கும்

கேள்வி: அப்பா வாங்கிய 1978 மாடல் பிரிமியர் பத்மினி. போன வருஷம்தான் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்தோம். அக்டோபரிலிருந்து ஆறு மாதம் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறோம். வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். வண்டி ஷெட்டில் ஷட்டர் போட்டு மூடி இருக்கும். கனமான பிளாஸ்டிக் கவரும் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன் என்கிறான். போதுமா?
– வாசகர், சென்னை-41

பதில்: முதலில் அந்த கவரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை, கடற்காற்று, மூடிய ஷட்டர், அதற்குள் பிளாஸ்டிக் கவர். இரவில் தகடு குளிர்ந்ததும் உள்ளே இருக்கிற ஈரம் நீர்முத்தாகப் பெயின்ட் மேலேயே உட்காரும், வெளியே போக வழி இருக்காது. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் புதுப் பெயின்ட் அங்கங்கே கொப்பளித்திருக்கும். கவர் போட்டே ஆகணும் என்றால் காற்று போய்வருகிற பருத்தித் துணி போதும். தூசிதானே, வந்து துடைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக்குக்கு வேறு வேலை இருக்கிறது. ஷெட் தரையில் ஒரு சதுர அடி பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வேர்த்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். தடிமனான ஷீட் வாங்கி வண்டிக்கு அடியில் முழுக்க விரித்துவிடுங்கள். பத்மினிக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, பாடியின் அடித்தகடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது, அது அரித்தால் செலவு பெரிது. நிறுத்துவதற்கு முன்னால் அடிப்பாகத்தை நன்றாக வாட்டர் வாஷ் செய்து, வெயிலில் ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்து, கதவுகளின் அடியில் இருக்கிற சின்னத் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். தண்ணீர் வடியவேண்டிய வழி அது. பெயின்ட் அடிக்கும்போது பட்டியால் (பள்ளம் நிரப்பப் பூசுகிற பசை) அடைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது அந்தப் பையன். நல்ல பிள்ளை, ஆனால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வருகிறது. சாலையில் இருபது, முப்பது நிமிடம் ஓடினால் சூட்டில் அது வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் என்ன ஆகும்? ஈரத்தில் ஒரு பங்கு சைலன்சருக்குள் தங்கும், கொஞ்சம் ஆயிலில் கலக்கும், ஸ்டார்ட் எடுக்கச் செலவான சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது. வாரா வாரம் இப்படி நடந்தால் சைலன்சர் உள்ளிருந்தே ஓட்டையாகும்.

அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். பேட்டரியைக் கழற்றி அவன் வீட்டில் வையுங்கள், மாதம் ஒரு முறை சார்ஜ் போடட்டும். (சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள். அது பழைய காலப் பெட்டிகளுக்கு, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.) கிளட்ச் பெடலைப் பத்துத் தடவை மிதிக்கட்டும், இல்லையென்றால் ஈரத்தில் தட்டு ஒட்டிக்கொள்ளும். மழை இல்லாத வெயில் நாளில் ஷட்டரை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கட்டும்.

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். நாலு சக்கரமும் டிரம் பிரேக், இழுத்துவைத்தால் பின்சக்கரத்து பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற கட்டை) டிரம்மோடு துருவில் ஒட்டிவிடும். கியரில் போட்டு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். டயரில் வழக்கத்தைவிட நாலைந்து பவுண்டு காற்று கூட இருக்கட்டும். ஆயிலைக் கிளம்புவதற்கு முன்னாலேயே மாற்றுங்கள், வந்த பிறகு அல்ல. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு ஆறு மாதம் பேரிங்குகளை ஊறவைக்கக் கூடாது.

பெட்ரோல் விஷயத்தில் மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். அதனால் டேங்கைக் காலி செய் என்கிறது ஒரு கட்சி. கடலோரத்தில் காலி இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும் என்பதால் நான் மற்ற கட்சி: முழுக்க நிரப்பிவிடுங்கள், பெட்ரோல் கெடாமல் இருக்க விற்கிற திரவத்தையும் சொன்ன அளவு ஊற்றுங்கள். ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் காய்ந்திருக்கணும். பெட்ரோல் பம்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கிற வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே மிச்சமிருப்பது பிசினாகி ஜெட்டை, அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளையை, அடைக்கும்.

கேள்வி: ஊரில் தாத்தாவின் அம்பாசடர் நிற்கிறது. எலி வயரைக் கடிக்கிறது. விஷம் வைக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம்மா. விஷம் தின்ற எலி சீட்டுக்குள்ளேயோ டேஷ்போர்டுக்குப் பின்னாலேயோ போய்ச் செத்தால் அந்த நாற்றம் லேசில் போகாது. என் சித்தப்பா வண்டியில் அப்படி ஆகி, பின்சீட்டையே பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. ஷெட்டில் தேங்காய், வைக்கோல், சாக்கு ஏதாவது போட்டிருக்கிறீர்களா? முதலில் அதைக் காலி செய்யுங்கள், எலி வருவது அதற்குத்தான், வண்டி அதற்குக் கூடு கட்ட இடம். சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் கம்பி வலையால் அடையுங்கள். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள், மறந்துபோய் ஸ்டார்ட் செய்கிறவர்கள் உண்டு. பானெட்டைத் திறந்தே வைத்தால் இருட்டு இல்லாததால் எலிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பொறி வையுங்கள், தினமும் யாராவது பார்க்கணும்.

கேள்வி: குரோம் பம்பருக்கு கிரீஸ் தடவலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தடவலாம், ஆனால் தூசியெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். வாசலினை மெல்லிசாகத் தேயுங்கள். பம்பரின் உட்பக்கத்தை மறக்காதீர்கள், அங்கே குரோம் பூச்சு சரியாக இருக்காது, துரு அங்கிருந்துதான் கிளம்பும்.