45 நாளில் போயிங் அப்ரூவல் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வி.எம்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), ஒரு டர்னிங் சென்டர், ஒரு வயர்கட் மெஷின். இதுவரை ஆட்டோமொபைல் ஜாப் ஒர்க்தான். ஒரு கன்சல்டன்ட் வந்து, நாலரை லட்சம் கட்டினால் 45 நாளில் எஃப்.ஏ.ஏ. சர்டிஃபிகேட்டும் போயிங் அப்ரூவலும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கட்டிவிடலாம் என்கிறான் மகன். போயிங்கைப் பற்றி வரும் செய்திகளைப் படித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் செய்த பார்ட்டால் ஏதாவது ஆகிவிட்டால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்களா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். வராது, ஆனாலும் கேளுங்கள்.

எஃப்.ஏ.ஏ. என்பது அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம். உங்களைப் போன்ற ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு அது சர்டிஃபிகேட் தருவதே இல்லை. அது பார்ப்பது மூன்று விஷயம். விமானத்தின் டிசைன் சரியா, அந்த டிசைன்படியே திரும்பத் திரும்பச் செய்ய தொழிற்சாலையில் ஒழுங்கான முறை இருக்கிறதா, செய்து முடித்த ஒவ்வொரு விமானமும் பறக்கத் தகுதியா. இரண்டாவதற்கான சான்று போயிங் பெயரில் இருக்கிறது. வெளியே யார் எந்த பார்ட்டைச் செய்து கொடுத்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது போயிங்தான். அதனால் போயிங் தன் சப்ளையரைப் பார்க்கும், அவர் தனக்குக் கீழே உள்ளவரைப் பார்ப்பார். கடைசியில் பெங்களூரிலோ பெலகாவியிலோ ஐதராபாத்திலோ இருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் குவாலிட்டி ஆட்கள் உங்கள் பட்டறைக்கு வருவார்கள். மெஷினைப் பார்ப்பார்கள், அளவு சோதிக்கும் கேஜ்களைப் பார்ப்பார்கள், ஒரு டிராயிங் கொடுத்துச் செய்து காட்டச் சொல்வார்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அப்ரூவல் அவர்கள் தருவதுதான். இதில் நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

உங்களுக்குத் தேவைப்படுவது ஏஎஸ்9100 என்ற தரச் சான்று. ஐஎஸ்ஓ 9001-ஐ வைத்துக்கொண்டு, விமானத் தொழிலுக்கு வேண்டியதை மேலே சேர்த்தது அது. அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் இரண்டு கட்டமாக ஆடிட் செய்து தரும். அதற்கு முன்பே நீங்கள் அந்த முறைப்படி கொஞ்ச காலம் வேலை செய்து ரெக்கார்டு காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு மாதக்கணக்கில் ஆகும். கன்சல்டன்ட் வழி காட்டலாம். வழி காட்டியவரே சான்றிதழும் தரக் கூடாது என்பது விதி. உங்கள் ஆள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரேட் சொல்கிறாரே, எனக்கு அதுவே போதும். ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி முடிந்ததும் யெலஹங்காவில் பொறுக்கிய விசிட்டிங் கார்டுகளோடு இந்தக் கூட்டம் பீன்யாவில் தெருத் தெருவாக இறங்கும். கழுகுப் படமும் தங்க சீலும் போட்ட சான்றிதழ்கள் ரிசப்ஷன் சுவரில் அழகாகத் தொங்கும், ஆர்டர் வராது. ஏஎஸ்9100 சான்றிதழ் நிஜமா என்று பார்க்க ஓயாசிஸ் என்ற உலகப் பொதுப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் காகிதம் பொட்டலம் மடிக்கத்தான்.

உங்கள் வயர்கட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஹீட் டிரீட்மென்ட், அனோடைசிங், பிளேட்டிங் போன்ற வேலைகள் சரியாக நடந்தனவா என்பதை முடிந்த பார்ட்டை அளந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இவற்றை ஸ்பெஷல் பிராசஸ் என்று பிரித்து, நாட்கேப் என்ற தனி அங்கீகாரம் கேட்பார்கள். மில்லிங், டர்னிங் மட்டும் செய்யும் பட்டறைக்குப் பொதுவாக அது வேண்டாம். அனோடைசிங்கை வெளியே கொடுத்தால், கொடுக்கும் இடத்துக்கு இருந்தால் போதும். இதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். வயர்கட்டும் மெஷினிங்தானே என்பது நம் ஆட்களின் நினைப்பு. இல்லை. அது ஸ்பார்க்கால் உலோகத்தை உருக்கி வெட்டுகிறது. உருகியதில் கொஞ்சம் வெட்டிய முகத்திலேயே மறுபடி உறைந்து மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். மைக்ரோமீட்டர் அதைக் காட்டாது, அளவெல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்தத் தோலில் நுண்விரிசல் இருந்தால், ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும் விமானத்தில் உடைப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அதனால்தான் இப்படி ஸ்பார்க்கால் வெட்டும் ஈ.டி.எம். வேலையும் நாட்கேப் பட்டியலில் வருகிறது. ஃபிக்ஸ்சர், கேஜ் செய்ய வயர்கட்டைத் தாராளமாக ஓட்டுங்கள். பறக்கிற பார்ட்டில், வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் அதைத் தொடாதீர்கள். சாம்பிளுக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பதும் கூடாது. முதல் பார்ட்டை எப்படிச் செய்தீர்களோ அப்படியேதான் மற்றவற்றையும் செய்வீர்கள் என்று காட்டத்தான் ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்ஷன். முறை மாறினால் அந்த இன்ஸ்பெக்ஷனையும் திரும்பச் செய்ய வேண்டும். ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். போயிங் செய்திகளில் இரண்டு விவகாரம் கலந்து கிடக்கிறது. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து மொத்தம் 346 பேர் இறந்தார்கள். அது டிசைன் கோளாறு. விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளும் ஒரு சாஃப்ட்வேர் ஒரே ஒரு சென்சாரை நம்பியிருந்தது. அதைச் சோதித்திருக்க வேண்டிய வேலையில் பெரும்பகுதியை எஃப்.ஏ.ஏ. போயிங் ஊழியர்களிடமே விட்டிருந்தது. கேட்க நாதியில்லை. பீன்யாவில் ஒரு கேஜுக்கு காலிப்ரேஷன் தேதி ஒரு நாள் தாண்டினால் மட்டும் உலகமே இடிந்து விழும்.

உங்கள் பட்டறைக்குச் சம்பந்தப்பட்டது இரண்டாவது. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லேண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737-9 விமானத்தில், கதவு வைக்காத இடத்தை அடைக்கும் டோர் பிளக் பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சில மாதங்களுக்கு முன் போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில், பக்கத்தில் இருந்த ஐந்து ரிவெட்டுகள் சரியில்லை என்று அந்தப் பிளக்கைத் திறந்திருக்கிறார்கள். ரிவெட்டைச் சரிசெய்தார்கள். மூடும்போது நாலு போல்ட்டைப் போடவில்லை. திறந்ததை யாரும் எழுதி வைக்காததால், மூடியபின் இன்ஸ்பெக்ஷன் செய்ய வேண்டும் என்பதே யாருக்கும் தெரியவில்லை. யார் திறந்தது என்பதற்கும் ரெக்கார்டு இல்லை. உங்கள் பட்டறையில் பெரிதாகிப்போன துளைக்கு புஷ் அடித்துச் சரிபண்ணி, பார்ட்டோடு போகும் ரூட் கார்டில் எழுதாமல் பெட்டியில் போடுகிற கெட்டிக்காரர் யாராவது இருந்தால், விமான வேலை பக்கம் அவரை விடாதீர்கள். கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று எழுதி வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். ஏற்பதும் ஸ்கிராப் செய்வதும் அவர்கள் முடிவு.

எழுதாமல் விடுவதைவிடக் கேடு, பொய்யாக எழுதுவது. 2023-இல் லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற வியாபாரி போலிப் பத்திரங்களோடு எஞ்சின் பாகங்களை விற்றது வெளியே வந்தது. பல நாட்டு விமான நிறுவனங்கள் எஞ்சினைப் பிரித்துத் தேட வேண்டியதாயிற்று. 2024-இல் போயிங், ஏர்பஸ் இரண்டுக்கும் போன டைட்டானியத்தில் போலிச் சான்று இருந்தது தெரிந்தது. இரண்டிலும் நடுவில் ஒரு வியாபாரி இருந்தார். இங்கேயும் 7075 ரக அலுமினியம் கேட்டால், உலோக ஆலை தந்த பழைய மில் சர்டிஃபிகேட்டில் ஹீட் நம்பரை (உருக்கிய தொகுதியின் எண்ணை) மாற்றி கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் டீலர்கள் இருக்கிறார்கள். பார்ட்டுக்கு ஜாதகம் அந்த மில் சர்டிஃபிகேட்தான். ராடில் அடித்திருக்கும் நம்பரும் காகிதத்தில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரு துண்டு வெட்டி, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். ஏற்ற லேபுக்கு அனுப்புங்கள். கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவு என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஜெயில் கேள்விக்குப் பதில்: டிராயிங்படி செய்து, நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தவரைத் தேடிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. பொய்ச் சான்று கொடுத்தவர் நிலைமை வேறு. விமானப் பாக மோசடிக்கு அமெரிக்காவில் தனிச் சட்டமே உண்டு, உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை போகும். பொய்க் காகிதத்தில் கையெழுத்து உங்களுடையது என்றால், அதை விற்ற கன்சல்டன்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த வேலையில் காசு மெதுவாகத்தான் வரும். ஒரே பட்டறையை நாலு வாடிக்கையாளர்கள் நாலு தடவை ஒரே கேள்வித்தாளோடு ஆடிட் செய்வார்கள், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நம்ப மாட்டார். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. வட்டி கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் வந்து நான் பார்த்ததில்லை.

ஆர்டர் வந்தால், ஒப்பந்தத்தில் இன்டெம்னிட்டி (நஷ்டத்தை யார் ஈடுசெய்வது) என்ற பத்தியை வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். செய்த பொருளால் வரும் நஷ்டத்துக்கான சாதாரண புராடக்ட் லயபிலிட்டி இன்சூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் விமானப் பாகங்களை விலக்கி வைத்திருக்கும். எல்லாம் கவர் ஆகும் சார் என்பார் ஏஜென்ட். விலக்குகள் அச்சிட்ட பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.