‘ஃப்ரெஷரா? சொல்லி அனுப்புறோம்!’ – வாசகர் கேள்வி பதில்

(இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதல் வேலையைப் பற்றியவை. கோவையில் பம்ப், மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் ஆளெடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

மேடம், 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். அரியர் கிடையாது. எந்த கம்பெனிக்குப் போனாலும் ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்கிறார்கள். இல்லை என்றால் ‘சொல்லி அனுப்புறோம்’. யாருமே வேலை தராமல் அனுபவம் மட்டும் எங்கிருந்து வரும்? என்னிடம் என்னதான் குறை?
– ஒரு வாசகர், உடுமலை

உங்களிடம் குறை இருக்கிறதா என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, கண்ணு. ஆனால் ‘இரண்டு வருட அனுபவம் தேவை’ என்ற வரி விளம்பரத்துக்குள் எப்படி வருகிறது என்று சொல்ல முடியும். அதைப் பல தடவை தட்டச்சு செய்து அனுப்பியவள் நான்.

குவாலிட்டி பிரிவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்பார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள நல்ல பையனுக்கு மூன்று மாதம் போதும், அது அவருக்கும் தெரியும். ஆனால் விளம்பரம் போட்ட இரண்டாம் நாளே மேஜை நிறைய ரெஸ்யூமே வந்து குவியும். அத்தனையையும் படிக்க ஆள் கிடையாது. ‘இரண்டு வருடம்’ என்று போட்டால் பாதிக்கு மேல் கழிந்துவிடும். அந்த வேலைக்கு அனுபவம் வேண்டுமா என்று பல இடங்களில் யாரும் யோசிப்பதே இல்லை. கட்டு சிறிதாக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் இதைவிடப் பழையது. தொண்ணூறுகளில் தொழிற்சாலையின் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஃபோர்மேன் இருப்பார். ‘டிரெய்னி’ என்று சேர்பவன் ஆறு மாதம், ஒரு வருடம் அவர் பின்னாலேயே சுற்றுவான். திட்டு வாங்குவான், டீ வாங்கி வருவான், வேலையும் கற்றுக்கொள்வான். பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று ஃபோர்மேன்களை ஓய்வில் அனுப்பினார்கள். அந்த இடங்களை நிரப்பவில்லை. ஆள் வேண்டுமென்றால் கான்ட்ராக்ட் ஏஜென்சிக்கு ஒரு போன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ள வருபவனை யார் எடுப்பார்கள்? ‘நாம கத்துக்குடுப்போம், பக்கத்து கம்பெனிக்காரன் ஆயிரம் ரூபா சேர்த்துக் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான்’ என்று முதலாளிகள் புலம்புவதும் உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்து கம்பெனிக்காரரும் அதையேதான் புலம்பிக்கொண்டிருப்பார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அப்ரண்டிஸ் வழியைப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ‘நாட்ஸ்’ என்ற தேசியத் திட்டம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில். பதிவு இணையத்திலேயே, இலவசம். படிப்பை முடித்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், அதனால் உங்களுக்கு 2028 வரை நேரம் இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாயாக இருந்தது; இப்போது எவ்வளவு என்று பதிவு செய்யும்போது பாருங்கள். கோவையில் அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும், மிச்சம் பிடிக்க முடியாது. உடுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பையன்களை எனக்குத் தெரியும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. வருடம் முடிந்ததும் உங்களை நிரந்தரமாக்க வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. வருடா வருடம் புதுப் பையன்களைப் போட்டு அதே பேக்கிங் வேலையைச் செய்ய வைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆகவே சேரும்முன் ‘எந்த டிபார்ட்மென்ட், எனக்கு யார் சொல்லித்தருவார்?’ என்று கேளுங்கள். பேர் சொன்னால் சேரலாம். ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்றால் நீங்களும் அடுத்த இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். முடிவில் கிடைக்கும் சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள், அது அனுபவமாகச் செல்லும்.

கடைசியாக, உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அது ‘ப்ராஜெக்ட் சென்டரில்’ காசு கொடுத்து வாங்கியதா? கோபப்பட வேண்டாம், வாங்காதவர்கள் குறைவு. நேர்முகத்தில் நான் இருந்த இடங்களில் மேஜை மேல் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றும், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியும் வைத்திருப்போம். ‘லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு?’, அதாவது அது அளக்கும் மிகச் சிறிய அளவு என்ன என்றால் 0.02 மி.மீ. என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். ‘சரி, இந்த இம்பெல்லர் துளையோட விட்டத்தை அளந்து சொல்லுங்க’ என்றதும் பாதிப் பேர் வெர்னியரைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். ரெஸ்யூமேயில் ஷாஃப்ட் செய்ததாக எழுதியிருப்பார்கள், என்ன மெட்டீரியல் என்றால் முழிப்பார்கள். ‘இ.என்.8 மேடம், லேத்துல நானே கடைஞ்சேன், முதல் பீஸ் ரிஜெக்ட் ஆயிருச்சு’ என்று ஒருவன் சொன்னால், அவன் அனுபவம் எத்தனை வருடம் என்று மேனேஜரே கேட்க மறந்துவிடுவார். கோவையில் கணபதி பகுதியிலும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் சின்னச் சின்ன ஜாப் ஆர்டர் ஒர்க்‌ஷாப்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆள் கிடைக்கவில்லை என்று அலைகிற முதலாளிகள் அங்கே உண்டு. ஒன்றில் மூன்று மாதம் நின்று கை பழகிக்கொள்ளுங்கள். ‘பி.இ. படிச்சிட்டு ஆபரேட்டரா?’ என்று கேட்கும் சொந்தக்காரர்கள் யாரும் உங்கள் மெஸ் பில்லைக் கட்டப்போவதில்லை.

என் மகன் பி.எஸ்சி. கணிதம் படித்தவன், வயது 26. மதுரையில் ரூம் எடுத்து குரூப் 4-க்குப் படிக்கிறான், நாலு வருஷமாச்சு. அவன் அப்பா வேன் ஓட்டித்தான் பணம் அனுப்புகிறார். வேறு வேலைக்குப் போகச் சொன்னால் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

அம்மா, 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பின்னர் கூட்டினார்கள். விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல். 2025 ஜூலைத் தேர்வுக்கு முதலில் அறிவித்தது 3,935 இடங்கள், விண்ணப்பம் 13 லட்சத்தைத் தாண்டியது. உங்கள் மகனுக்கு இது தெரியாமல் இல்லை, நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. மெரிட்டில் வந்தால் யார் தயவும் வேண்டாம், ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று யாரும் சொல்லவும் முடியாது. அப்படி ஒரு வேலை தனியாரில் எங்கே இருக்கிறது, அவன் போக?

‘எப்போ வேலைக்குப் போவே?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘போன தேர்வில் எத்தனை கேள்வி சரி?’ என்று கேளுங்கள். மொத்தம் 200 கேள்வி. கட்-ஆஃபுக்கு ஐந்து, பத்து கேள்வி குறைவு என்றால் இன்னொரு முயற்சிக்கு நியாயம் உண்டு. நாற்பது கேள்வி குறைவு, அதுவும் இரண்டு தேர்விலும் அப்படித்தான் என்றால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதுதான் வழி. அவன் அப்பாவைக் கேட்கச் சொல்ல வேண்டாம். நீங்கள் கேளுங்கள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தனியாக.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசப் பயிற்சி நடக்கிறது. அதற்கு மதுரையில் ரூம் வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கிறானா என்றும் பாருங்கள். பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால், அரசு மாதம் 600 ரூபாய் தருகிறது. 600 ரூபாயில் இன்று என்ன வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் வருவதை ஏன் விட வேண்டும்?

நாலு வருட இடைவெளிக்கு நேர்முகத்தில் என்ன சொல்வது என்று அவன் பயப்படலாம். ‘அரசுத் தேர்வுக்குப் படித்தேன்’ என்று உள்ளதைச் சொன்னால் போதும். அந்தப் பதிலைக் கேட்டு நான் யாரையும் கழித்ததில்லை. மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் போலி அனுபவச் சான்றிதழைக் கொண்டு வந்தவர்களைக் கழித்திருக்கிறேன்.

அக்கா, பி.காம். முடித்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் டிரெய்னி வேலை, 11,000 ரூபாய். பி.பி.ஓ.வில் நைட் ஷிஃப்ட், 14,000. எதற்குப் போகட்டும்?
– ஒரு வாசகி, பல்லடம்

மெர்ச்சண்டைசிங். ஆனால் ஒரு நிபந்தனையோடு. துணி வாங்கும் பையர் அனுப்பும் மெயில், விலைக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட், சாம்பிள் அப்ரூவல் இவையெல்லாம் உங்கள் கை வழியாகப் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் ஃபைல் அடுக்கவும் சாம்பிள் கட்டிங்கைத் தூக்கிக்கொண்டு ஓடவும்தான் என்றால் வேண்டாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்பதை ஆஃபர் லெட்டரில் எழுத்தில் பாருங்கள். 11,000 என்பது கையில் வருவதா, பிடித்தம் போவதற்கு முன்பா என்றும் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டால் முதல் சம்பள நாளில்தான் தெரியும். அசல் சான்றிதழ் கேட்டால் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

பாண்ட் என்று எதையாவது நீட்டினால் ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்ற பேச்சை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா பாண்டுக்கும் அது பொருந்தும் என்றில்லை. ஆனால் ‘கோர்ட்ல நிக்காது’ என்று ஃப்ரெண்ட் சொன்னதை நம்பியும் இருக்க முடியாது.

எங்கள் காலத்தில் மில் கேட் முன்னால் நாள் கணக்கில் நின்று வேலை வாங்கினோம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை இல்லை என்பது பொய். பொறுமைதான் இல்லை.
– ஓய்வுபெற்ற வாசகர், ஈரோடு

ஐயா, நீங்கள் நின்ற கேட்டில் இப்போது செக்யூரிட்டி நிற்கிறார். ‘ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க’ என்று போர்டைக் காட்டுவார். அதற்கு மேல் எவ்வளவு நேரம் நின்றாலும் ஹெச்.ஆர். முகத்தைப் பார்க்க முடியாது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தில்லியில் உள்ள மனித வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2024-ல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. 2022 நிலவரப்படி இளைஞர்களில் பட்டதாரிகளுக்கு வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 3.4 சதவீதம். படித்தவன் வீட்டுக் காசில் கொஞ்ச நாள் காத்திருக்க முடிகிறது, படிக்காதவன் கிடைத்த வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது இதில் ஒரு பகுதி. அந்த அளவுக்கு உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் காத்திருந்தவனுக்கு என்ன கிடைக்கிறது? பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்கு வருடத்துக்கு மூன்றேகால், மூன்றரை லட்சம் என்பது பத்து வருடத்துக்கு முன்பும் அதுதான், இன்றும் ஏறக்குறைய அதுதான். அப்போது ஒரு தோசை என்ன விலை, இப்போது என்ன விலை?

உங்கள் சேக்காளிகள் யாராவது பட்டறையோ மில்லோ நடத்திக்கொண்டிருந்தால், ஒரு பையனை ஆறு மாதம் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்களேன். உங்களுக்கு அப்படி ஒருவர் சொல்லிக்கொடுத்திருப்பார், இல்லையா?

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000, விசா செலவுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட். போகலாமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

போகாதீர்கள். 2022-ல் இதே பேச்சை நம்பித் தாய்லாந்துக்குப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்து அடித்தார்கள். மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். டேட்டா என்ட்ரிக்கு 80,000 சம்பளம் என்று ஏஜென்ட் தேடிவந்து சொன்னாலே சந்தேகப்படுங்கள். ஏஜென்ட்டின் உரிம எண்ணை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். உரிமம் உள்ள ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டிச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஃபவுண்டரியில் இன்டர்வியூ. ஷூ அவசியமா? என்னிடம் இல்லை, வாங்க வேண்டும்.
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

அவசியம், ஆனால் புதிதாக வாங்க வேண்டாம், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் ‘வாங்க, ஷாப் ஃப்ளோரைப் பார்க்கலாம்’ என்பார். செருப்போடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வெள்ளைச் சட்டையும் வேண்டாம், கரிப்புழுதி அப்பிக்கொள்ளும். உங்கள் அளவு எட்டு என்றால் எழுதுங்கள், எங்கள் வீட்டில் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது.