மாப்பிள்ளை பொலிரோவும் மச்சான் தோஸ்த்தும்: மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் மைக் செட், லைட் செட் தொழில் பார்க்கிறேன். 2021 கடைசியில் எடுத்த அசோக் லேலண்ட் தோஸ்த் வைத்திருக்கிறேன். மாதம் 12,400 ரூபாய் டியூ. இன்னும் 14 மாதம் பாக்கி. இன்றைக்கே மொத்தமாக முடித்தால் 1,64,000 ரூபாய் என்கிறார்கள். போன வருஷம் ட்ரெய்லரோடு ஒரு பழைய ஜெனரேட்டர் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் வரும். தோஸ்த்தில் கட்டி இழுத்தால் கால்வாய்ப் பாலம் ஏறும்போது கிளட்ச் கருகுகிற வாடை அடிக்கிறது. அதனால் ஒரு கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, 2,200 ரூபாய் கொடுத்து வெளி வண்டியில் இழுத்துப் போகிறேன். ஆலங்குளத்தில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளையிடம் 2017 மாடல் பொலிரோ பிக்கப் இருக்கிறது. கடன் கிடையாது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அடிக்கிறார். ‘எனக்கு மைலேஜ் வண்டி போதும், உங்களுக்கு இழுக்குற வண்டி வேணும். வண்டிக்கு வண்டி மாத்திக்கிடுவோம் மச்சான், டியூவை மட்டும் நீங்க கட்டிருங்க’ என்கிறார். அம்மாவும் ‘குடும்பத்துக்குள்ள என்னல கணக்கு’ என்கிறாள். செய்யலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்குச் செய்ய வேண்டாம். மாப்பிள்ளை கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் தொழிலுக்கு இந்த மாற்று காசாகத் தேறவில்லை. அதை முதலில் காட்டிவிடுகிறேன்.

கடிதத்தில் இல்லாத சில விவரங்களைப் போனில் கேட்டு வாங்கினேன். போன வருஷம் ஜெனரேட்டர் போன கொடை 26. தோஸ்த் வருஷத்துக்கு 22,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 15 கொடுக்கிறது. மாப்பிள்ளையின் பொலிரோ 12 கொடுப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். புரோக்கர் தோஸ்த்துக்கு 4,60,000 ரூபாயும் பொலிரோவுக்கு 4,20,000 ரூபாயும் விலை சொல்லியிருக்கிறார்.

வெளி வண்டிக்கு நீங்கள் கொடுத்தது 26 கொடைக்கு 57,200 ரூபாய். சொந்தமாகப் பொலிரோ வந்துவிட்டால் இது அப்படியே மிச்சம் என்றுதான் தோன்றும். ஆனால் நீங்களே இழுத்துப் போனாலும் டீசல் போட வேண்டும். போக வர ஒரு கொடைக்கு 600 ரூபாய் வைத்தால் உண்மையான மிச்சம் 1,600. வருஷத்துக்கு 41,600.

ஜெனரேட்டர் இல்லாத நாட்களிலும் அதே பொலிரோதானே ஓட வேண்டும்? பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், சீரியல் பல்பு, டியூப்லைட் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஓட்டம்தான் உங்களுக்கு அதிகம். 22,000 கிலோமீட்டருக்குத் தோஸ்த் குடிப்பது 1,467 லிட்டர். பொலிரோ 1,833 லிட்டர் குடிக்கும். கூடுதலாக 366 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 34,000 ரூபாய். ஆக, இழுவையில் மிச்சம் பிடித்த 41,600-இல் 34,000 டீசலில் போய்விடுகிறது. கையில் நிற்பது 7,600 ரூபாய்.

அந்த 7,600 கூட நிற்காது. சரக்கு வண்டிக்கு முதல் 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) எடுத்தால் போதும். அதைத் தாண்டினால் வருஷா வருஷம் எடுக்க வேண்டும். 2017 பொலிரோ அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. எஃப்.சி.க்கு முன்னால் பெயின்ட், பாடி வேலை, டயர், பிரேக் என்று எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தோஸ்த் 4 வருஷம் இளைய வண்டி. நாளைக்கு விற்கப் போனால் அந்த 4 வருஷத்துக்கு விலை உண்டு.

பொலிரோ நல்ல வண்டிதான். இழுவை என்று வந்தால் என்ஜின் அளவு பேசும். அந்த மாடல் பொலிரோ பிக்கப்பில் இருப்பது இரண்டரை லிட்டர், 4 சிலிண்டர் என்ஜின். தோஸ்த்தில் இருப்பது ஒன்றரை லிட்டர், 3 சிலிண்டர். ஒன்றரை டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டு கன்னடியன் கால்வாய்ப் பாலத்தில் நின்று கிளம்ப வேண்டியிருந்தால் கிளட்ச் பிளேட் கருகத்தான் செய்யும். தோஸ்த்தில் இழுப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். ஒரு கிளட்ச் செட் போனால் மூன்று நான்கு கொடையின் வாடகை அதிலேயே போய்விடும்.

அப்புறம் அம்மா சொன்ன விஷயம். ‘குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு’ என்கிற பேச்சைக் கேட்டு வந்து, பிறகு என் முன்னால் உட்கார்ந்து கண் கலங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு பார்க்காமல் விட்டவர் மறந்துவிடுவதில்லை. மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்கிறார். இதில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். டியூவை நீங்களே கட்டுவதாக இருந்தால், 4,60,000 ரூபாய் வண்டியைக் கொடுத்து 4,20,000 ரூபாய் வண்டியை வாங்குகிறீர்கள். மாப்பிள்ளை உங்களுக்கு 40,000 தர வேண்டும். டியூ பாக்கியை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டால் கதை தலைகீழ். கடன் போக உங்கள் வண்டியின் மதிப்பு 2,96,000தான். நீங்கள் அவருக்கு 1,24,000 தர வேண்டும். ஒரே மாற்று, டியூ யார் தலையில் என்பதை வைத்து 1,64,000 ரூபாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளுகிறது. இதைப் பேசாமல் சாவியை மாற்றிக்கொண்டால், ஆறு மாதம் கழித்து பொலிரோ கியர் பாக்ஸ் போகும்போது உங்கள் வாயில் என்ன வார்த்தை வரும்? அதைக் கேட்கப் போவது மாப்பிள்ளை இல்லை, உங்கள் தங்கச்சி. தங்கச்சி மாப்பிள்ளையிடம் 40,000 ரூபாய் கேட்க நம் ஊரில் எந்த அண்ணனுக்கும் வாய் வராது. கேட்க முடியாத இடத்தில் வியாபாரம் வைக்காமல் இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய விஷயம் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. உங்கள் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் எச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்கிற குறிப்பு, ஏறியிருக்கிறது. அவர்கள் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்கிற சான்று) கொடுக்காமல் பெயர் மாற்ற முடியாது. டியூ முடியாமல் அவர்கள் கொடுக்கவும் மாட்டார்கள். அப்படியானால் மாப்பிள்ளை கேட்கிறபடி செய்தால் என்ன நடக்கும்? 14 மாதத்துக்கு உங்கள் பெயரில் இருக்கும் வண்டியை அவர் ஓட்டுவார், அவர் பெயரில் இருப்பதை நீங்கள் ஓட்டுவீர்கள். ஆலங்குளம் ரோட்டில் விடியற்காலை நாலு மணிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப் போகிற தோஸ்த் யார் மேலாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி விற்கப்பட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது, ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே நின்றது. விபத்துக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கே என்று தீர்ப்பு. விற்றுவிட்டேன், கொடுத்துவிட்டேன் என்கிற பேச்சு எடுபடவில்லை.

அதற்காக உறவுக்காரர் வண்டியை ஒரு நாள் இரண்டு நாள் இரவல் வாங்குவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் உள்ள ஆள் ஓட்டி, இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் உயிரோடு இருந்தால் அது வேறு விஷயம். உங்களுக்கு நான் சொல்லும் வழியும் அதையே ஒட்டியதுதான்.

மாப்பிள்ளை வண்டியை மாற்ற வேண்டாம், கொடைக்குக் கூப்பிடுங்கள். நம் பக்கத்து அம்மன் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயங்காலம் சாமியை அழைக்கும் குடியழைப்புக்கு ஜெனரேட்டர் போய் நிற்க வேண்டும், புதன்கிழமை திரும்ப வேண்டும். மாடன் கோயில் என்றால் வெள்ளிக்கிழமையை ஒட்டி வரும். மாப்பிள்ளைக்குச் சந்தை ஓட்டம் விடியற்காலையில் முடிந்துவிடுகிறது. மத்தியானத்துக்கு மேல் அவர் பொலிரோ சும்மா நிற்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். டீசல் உட்பட கொடைக்கு 1,800 ரூபாய் பேசுங்கள். 26 கொடைக்கு 46,800. இப்போது வெளியாளுக்குக் கொடுப்பதைவிட உங்களுக்கு 10,400 ரூபாய் குறைவு. வண்டியை மாற்றினால் கிடைக்கும் 7,600-ஐவிட இது அதிகம், அதுவும் உங்கள் வண்டி உங்களிடமே இருக்க. மாப்பிள்ளைக்கும் டீசல் போக 30,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். அவருடைய மைலேஜ் கவலைக்கு இது பதில் இல்லைதான், ஆனால் கடனில்லாத வண்டியில் ஒரு பக்க வருமானம் கிடைக்கிறது. காசை அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொடை முடிந்து மொத்தமாகத் தருகிறேன் என்று வைத்தீர்களோ, அதுவும் அந்த ‘என்ன கணக்கு’ கணக்கில் சேர்ந்துவிடும்.

ட்ரெய்லர் விஷயத்தில் நான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழைய ஜெனரேட்டரோடு வந்த ட்ரெய்லருக்கு ஆர்.சி. இருக்கிறதா என்று கேட்டதற்கு ‘நம்பர் பிளேட் இல்லை அண்ணாச்சி’ என்றீர்கள். ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டிதான். அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். இழுக்கிற வண்டிக்கு மட்டும் இன்சூரன்ஸ் இருந்தால், பின்னால் வருகிற ஒன்றரை டன் செய்கிற சேதத்துக்குக் கம்பெனி கையை விரிக்க இடம் கொடுத்ததாகும். முதலில் ட்ரெய்லரைப் பதிவு செய்யுங்கள். பிறகு மாப்பிள்ளையின் பாலிசியில் அந்த ட்ரெய்லர் நம்பரைச் சேர்த்து, சேர்த்ததற்கான தாளைக் கையில் வாங்குங்கள். அதற்கு ஆகும் பிரீமியத்தை நீங்கள் கொடுப்பதுதான் முறை. இது முடியும்வரை அடுத்த கொடைக்கு ட்ரெய்லரை ரோட்டில் ஏற்றாதீர்கள். ஜெனரேட்டரைச் செட்டோடு வாடகைக்கு எடுத்தாவது அந்தக் கொடையை ஒப்பேற்றுங்கள்.

மாற்றுவதற்கு நேரமே வராது என்று நான் சொல்லவில்லை. ஜெனரேட்டர் போகும் கொடை வருஷத்துக்கு 40-ஐத் தாண்டினால் வெளி வண்டியைவிட 64,000 மிச்சம், டீசல் நஷ்டம் 34,000 போனாலும் 30,000 நிற்கும். அப்போது பேசலாம். அதற்குள் உங்கள் டியூவும் முடிந்திருக்கும், எச்.பி. கேன்சல் ஆகியிருக்கும். அன்றைக்கும் ‘வண்டிக்கு வண்டி’ என்று செய்யாதீர்கள். இரண்டு தனித்தனி விற்பனையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு விலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீது, வித்தியாசப் பணம் பேங்க் வழியாக. பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 இரண்டு வண்டிக்கும் போட வேண்டும். மாப்பிள்ளை வண்டி தென்காசியின் டிஎன் 76, உங்களுடையது டிஎன் 72. ஒரே மாநிலம் என்பதால் நம்பர் மாறாது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் அதே 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, ஆளோடுதான் போகும். நீங்கள் சேர்த்து வைத்திருப்பதை மறக்காமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையிடம் இதைப் போனில் சொல்லாதீர்கள். ஆலங்குளத்துக்கு நேரில் போய், மேலே நான் போட்ட கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். ‘உங்க வண்டி வேண்டாம்’ என்று ஆரம்பிக்காமல், ‘வருஷத்துக்கு 26 கொடைக்கு உங்க வண்டி எனக்கு வேணும்’ என்று ஆரம்பியுங்கள். தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் ட்ரெய்லர் கொக்கியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் போட வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டைச் சொருகி, நட்டு இல்லாமல் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருக்கிறீர்கள். போல்ட் ஏற்கெனவே ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. ஆலங்குளம் போகிற வழியில் ஒரு லேத் பட்டறையில் நிறுத்தி, அளவுக்குச் சரியான பின்னும் கிளிப்பும் போட்டு, இரண்டு பக்கமும் செயின் கட்ட வளையம் பற்றவைத்துவிட்டு வாருங்கள்.