கூட்டிக்கொண்டு போகிறவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், படிக்கிற வயதில் பிள்ளைகளை வெளியூர் வேலைக்கு அனுப்புவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இத்தனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே போடவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் கம்போடியாவில் அங்கோர்வாட் கோயில் பார்க்கப் போன இடத்தில் ஓர் அனாதை இல்லத்தில் ஒரு வாரம் தங்கிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தான். மாதாமாதம் பணம் அனுப்பப் போகிறானாம். எங்கள் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை நாங்களும் அங்கே கொடுக்கலாமா? – ஒரு வாசகி, காரைக்குடி

ஆச்சி, உங்கள் மகனுடைய மனசு நல்ல மனசு. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள், பணத்தை அங்கே அனுப்ப வேண்டாம்.

கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். இது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் வெளியிட்ட விவரம். போரும் பஞ்சமும் முடிந்து அனாதைகள் குறைந்துகொண்டு வந்த காலத்தில் இல்லங்கள் மட்டும் பெருகின, அதுவும் வெளிநாட்டுப் பயணிகள் வந்து குவிகிற ஊர்களில். எப்படி என்று கேட்டால், கிராமத்துக்கு ஒருவர் போவார், உங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், மூன்று வேளைச் சாப்பாடு, இங்கிலீஷ் என்பார். வயல் விளையாத வருஷத்தில் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அப்புறம் அந்தப் பிள்ளை பயணிகள் முன்னால் ஆட வேண்டும், வருகிறவர்களைக் கட்டிப்பிடித்துச் சிரிக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு புது அண்ணனிடம் பாசம் வைத்து வாரக் கடைசியில் அவனை வழியனுப்ப வேண்டும். வருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமலே உள்ளே விடும் இடங்கள் உண்டு. பிள்ளைகளைக் கெடுக்கிறவனுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. எல்லா இல்லமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகன் பார்த்த இல்லம் எப்படிப்பட்டது என்று ஒரு வாரத்தில் அவருக்கும் தெரிந்திருக்காது, இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் தெரியாது.

2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது அந்த அரசு, அனுமதி இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிப் போகக் கூடாது என்று தடை போட்டது, வெளிநாட்டுத் தத்தையும் நிறுத்தி வைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பிள்ளைகளைத் தத்துக் கேட்டு ஆட்கள் வந்தபோது நம் அரசும் விட்டுக்கொடுக்கவில்லை. நாளைக்கு என்ன சாப்பிடுவது என்று தெரியாத நேரத்தில் தரகனுக்குப் பேச்சு சுலபம், அதனால்தான் அந்தக் கெடுபிடி.

கொடுக்க நினைத்த பணத்தைப் பிள்ளை தன் வீட்டிலேயே இருந்து படிக்கிற மாதிரிக் கொடுங்கள். நம் ஊரில் அழகப்பச் செட்டியார் 1947-இல் என்ன செய்தார்? பிள்ளைகள் எங்கேயாவது போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்று விடாமல் கல்லூரியையே காரைக்குடிக்குக் கொண்டு வந்தார். மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்திலும் தகப்பனை இழந்த, வறுமையில் இருக்கிற பிள்ளைக்கு, அது குடும்பத்தோடு இருந்து படிப்பதற்காக மாதம் 4,000 ரூபாய் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மனு எழுதிக் கொடுத்து அலுவலகம் வரைக்கும் கூடப் போங்கள். அந்த அலைச்சலுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் ஐயா 12 வயதில் ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்து தொழில் பழகும் பையனாகப் போனவர். அப்படிப் போய்த்தான் இந்த வீடெல்லாம் கட்டினார்கள். இன்றைக்கு அதைக் கடத்தல் என்பீர்களா? – ஒரு வாசகர், தேவகோட்டை

அவர் யாரோடு போனார் என்று அவர் அம்மாவுக்குத் தெரியும். எந்தக் கடைக்கு, எந்த மேலாளிடம், எத்தனை வருஷத்துக்கு என்பது தெரியும். கடுதாசி வரும். கணக்கு முடிந்தால் திரும்பி வருவார், வராவிட்டால் கேட்க நாலு பெரியவர்கள் இருந்தார்கள். கடத்துகிறவன் முதலில் அறுப்பதே இந்தக் கயிற்றைத்தான், சேர்ந்த இடம் தெரியாது, போன் கிடைக்காது, சம்பளம் யார் கைக்குப் போகிறது என்று தெரியாது.

ஆனால் உங்களிடம் ஒன்றை ஒளிக்க விரும்பவில்லை. அந்தப் பையன்களிலும் ராத்திரி அழுதவர்கள் இருந்திருப்பார்கள், சொல்ல முடியாதது நடந்தவர்களும் இருந்திருக்கலாம், அதை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அன்று நடந்தது என்பதற்காக இன்று சரியாகிவிடாது. ஆள் கடத்தலைத் தடுக்க 2000-இல் ஐ.நா. கொண்டு வந்த பலெர்மோ நெறிமுறையில் இந்தியா 2011-இல் சேர்ந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரைச் சுரண்டுவதற்காகக் கூட்டிப் போனாலே அது கடத்தல் என்கிறது அது. மிரட்டினானா, ஏமாற்றினானா என்ற கேள்வியே பிள்ளைகள் விஷயத்தில் கிடையாது. பிள்ளையே சம்மதித்து பஸ் ஏறினாலும் குற்றம் குற்றம்தான். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 வருஷம் தண்டனை.

எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா வருகிறார். 13, 15 வயதில் இரண்டு பிள்ளைகளை மில் வேலைக்குக் கூட்டிப் போகப் போகிறார். வீட்டில் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். நான் சொன்னால் வீண் பகை வரும். என்ன செய்வது? – பெயர் வேண்டாம், புதுவயல்

நீங்கள் இதைப் படிக்கும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

1098-க்குப் போன் செய்யுங்கள், அது குழந்தைகளுக்கான உதவி எண். இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள், எந்தத் தேதியில் எந்த பஸ்ஸில் போகப் போகிறார்கள் என்று தெரிந்ததைச் சொன்னால் போதும். அந்த அக்காவிடம் போய் முதலில் சண்டை போட வேண்டாம், போட்டால் அன்று ராத்திரியே வேறு வழியில் கூட்டிப் போய்விடுவார். பிள்ளைகளின் அம்மா அட்வான்ஸை எப்படித் திருப்புவேன் என்றுதான் பயப்படுவார். அப்படிக் கடனுக்குப் பிள்ளையின் உழைப்பை எழுதிக்கொள்வது கொத்தடிமைத்தனம், 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அந்தக் கடன் செல்லாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இதை அந்தத் தாயிடம் யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தரகர் எப்போதும் வெளி ஆளாக வருவதில்லை. சொந்தக்கார அத்தை, ஊருக்குத் தெரிந்த அக்கா, போன தீபாவளிக்குப் புதுச் சேலையோடு வந்து இறங்கிய பக்கத்து வீட்டுப் பெண், இவர்கள்தான். மதுரைப் பக்கத்துப் பையன்களை வட மாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப் போனதும் இப்படித் தெரிந்த முகங்கள்தான். மில் என்று சொல்லிக் கூட்டிப் போகிற பிள்ளை மில்லுக்குத்தான் போகிறதா என்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? வழியில் கை மாறினால் அது எங்கே போய்ச் சேரும் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் 2021 கணக்குப்படி உலகம் முழுவதும் கட்டாய வேலையில் சிக்கிய பிள்ளைகள் 33 லட்சம், அதில் பாதிக்கு மேல் உடலை விற்கும் தொழிலில் தள்ளப்பட்டவர்கள்.

நான் டீச்சராக இருந்த காலத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் திடீரென்று நின்றுவிட்டாள். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள், நானும் சரி என்று வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ஒரு தடவை அவள் வீட்டுக்கு நடந்து போயிருந்தால் என்ன? இன்றைக்கும் அந்தக் கோடு எனக்கு உறுத்துகிறது. டீச்சராக இருக்கிற பிள்ளைகளே, பத்து நாள் வராத பிள்ளையைத் தேடிப் போங்கள்.

எங்கள் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி இருக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். ஒருவர் உள்ளூர்ப் பையனைக் கூட்டி வந்து வழிகாட்டி என்றார். நான் மறுத்துவிட்டேன். விருந்தாளியை அவமதித்துவிட்டோமோ என்று வருத்தமாக இருக்கிறது. – கானாடுகாத்தான் வாசகர்

வருத்தப்படவே வேண்டாம். சரியாகச் செய்தீர்கள். அறைக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேளுங்கள், உறவில்லாத பிள்ளையோடு வந்தால் அறை கிடையாது என்று வரவேற்பிலேயே எழுதி வையுங்கள், சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். கோவாவில் ஃப்ரெடி பீட்ஸ் என்பவர் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய பெரிய மனிதராக உலவினார், உள்ளே நடந்தது வேறு, 1996-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் நாட்டுக்காரர் வெளிநாட்டில் பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்தால் ஊர் திரும்பிய பிறகும் வழக்குப் போடுகிற சட்டம் வைத்திருக்கின்றன. அதற்கு நீங்கள் எழுதி வைக்கிற பதிவேடும் சாட்சியாகலாம்.

ஒரு குழந்தையைக் கொடுமைப்படுத்தும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. ‘இவனைப் பிடிக்கும் வரை பகிருங்கள்’ என்று போட்டிருந்தது. பகிரலாமா? – கோட்டையூர்

கூடவே கூடாது. ஒவ்வொரு தடவை பகிரும்போதும் அந்தக் குழந்தைக்குத் திரும்ப அதுவே நடக்கிறது. பாலியல் வீடியோ என்றால் அதைப் போனில் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தில் (பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம்) குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. cybercrime.gov.in என்ற அரசு இணையதளத்திலோ போலீசிலோ உடனே தெரிவியுங்கள், பிறகு போனில் இருந்து நீக்கிவிடுங்கள்.

1098-க்குப் போன் பண்ணினால் என் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடுமா? போலீஸ் வீட்டுக்கு வருமா? – எட்டாம் வகுப்பு மாணவி (ஊர் எழுதவில்லை)

கண்ணு, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

உன் பெயரையோ படத்தையோ பள்ளிக்கூடத்தின் பெயரையோ யாரும் வெளியில் போடக் கூடாது, போட்டால் அவர்களுக்குத் தண்டனை உண்டு. விஷயம் போலீஸ் வரைக்கும் போனால் யூனிஃபார்ம் போடாமல், முடிந்தவரை ஒரு பெண் போலீஸ்தான் வருவார். உன் வீட்டிலோ நீ சொல்லும் இடத்திலோ உட்கார்ந்து நீ சொல்வதைக் கேட்பார். நீ நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். உன்னை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவே முடியாது. வீட்டில் இருக்கிறவரால்தான் தொந்தரவு என்றால் போனை எடுத்தவுடனே அதை முதலில் சொல்லிவிடு, அப்போதுதான் யார் யாரிடம் பேசுவது என்று அவர்கள் பார்த்துச் செய்வார்கள். வீட்டுப் போனில் பேசப் பயமாக இருந்தால் உனக்குப் பிடித்த டீச்சரிடம் போய் அவருடைய போனைக் கேள், எதற்கு என்றால் இந்தப் பக்கத்தைக் காட்டு. நடந்தது எதுவாக இருந்தாலும் உன் மேல் தப்பில்லை. நாளைக்கே கூப்பிடு.