எட்டு வயதில் விடுதியா? ஆக்ஸ்ஃபோர்டு டிராகன் பள்ளி குறித்து ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

மருத்துவமனைப் பணிக்காக ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன என்றும், எட்டு வயது மகனை இவ்வூர் டிராகன் பள்ளியின் விடுதியில் சேர்க்கலாமா, அது எத்தகைய பள்ளி என்றும் கேட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே வாழ்பவன், என் மகளை வேறொரு பிரெப் பள்ளியில் (பெரிய பள்ளிகளில் சேர ஆயத்தப்படுத்தும் கட்டணப் பள்ளியில்) பகல் மாணவியாகப் படிக்க வைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விடுதிப் பள்ளி என்றதும் நமக்கு நாமக்கல், இராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளே நினைவுக்கு வருகின்றன. இங்குள்ள பிரெப் பள்ளியின் நோக்கம் வேறு. ஈட்டன், வின்செஸ்டர் போன்ற கட்டணப் பள்ளிகள் பதின்மூன்று வயதில்தான் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த வயது வரை அவர்களை ஆயத்தப்படுத்துவதற்கென்றே 19ஆம் நூற்றாண்டில் இவ்வகைப் பள்ளிகள் பெருகின. ஈட்டன் போன்ற பள்ளிகளில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வான காமன் என்ட்ரன்ஸ் 1904இல் தொடங்கியது.

டிராகன் பள்ளியின் தொடக்கம் மற்றவற்றினின்று சற்று மாறுபட்டது. அதன் குணத்துக்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஆசிரியர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற பழைய விதி தளர்ந்துகொண்டிருந்த காலத்தில், நகரின் வடபகுதியில் குடும்பங்கள் பெருகின. தங்கள் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி வேண்டும் என்று அந்த ஆசிரியர்களே குழு அமைத்து, 1877இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரிபரட்டரி ஸ்கூல் என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். அக்குழுவில் ஜார்ஜ் என்றொருவர் இருந்தார். டிராகனைக் கொன்ற புனித ஜார்ஜை நினைத்து மாணவர்கள் தங்களை டிராகன்கள் என்று அழைத்துக்கொள்ள, அந்த விளையாட்டுப் பெயரே பிற்பாடு பள்ளியின் பெயராயிற்று. ஆக, எங்கோ கிராமப்புற மாளிகையில் பெற்றோர் கண்ணுக்கு எட்டாமல் தொடங்கிய பள்ளியல்ல இது. நடந்துபோகும் தொலைவில் இருந்த வீடுகளுக்காகப் பிறந்தது.

1886 முதல் 1965 வரை லைனம் குடும்பத்தார் மூவர் அடுத்தடுத்துத் தலைமையாசிரியர்களாக இருந்தார்கள். அவர்களில் முதலாமவரான சி. சி. லைனமைப் பிள்ளைகள் ‘ஸ்கிப்பர்’, அதாவது கப்பல் தலைவர், என்றே அழைத்தார்கள். ‘புளூ டிராகன்’ என்ற பாய்மரப் படகில் நார்வே வரை சென்று வந்தவர் அவர். மற்ற ஆசிரியர்களுக்கும் செல்லப் பெயர்கள் இருந்தன. பிரம்பும் லத்தீன் இலக்கணமுமே கல்வி என்று பல பள்ளிகள் நம்பியிருந்த காலத்தில், ஆசிரியரிடம் அச்சமின்றிப் பேசலாம் என்ற இந்த வழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எண்ணிப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சில சிறுமிகளும் அங்கே படித்தார்கள். எழுத்தாளர் நவோமி மிட்சிசன் அவர்களில் ஒருவர். அவருடைய அண்ணன், பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிவியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேனும் அப்பள்ளி மாணவரே.

உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது இனிமேல்தான் வருகிறது. எட்டு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியதற்குப் பிரிட்டிஷ் பேரரசு ஒரு பெரிய காரணம். இந்தியாவில் பணியாற்றிய அதிகாரிகளும் தோட்ட உரிமையாளர்களும், பல வாரக் கப்பல் பயணத்துக்கு அப்பால் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் பாராமல் இருந்தார்கள். 1895இல் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் பிறந்த வில்லியம் லீஃப் ராபின்சன், பெங்களூரின் பிஷப் காட்டன் பள்ளியிலும் டிராகன் பள்ளியிலும் படித்தவர். 1916 செப்டம்பரில் இங்கிலாந்து வானில் ஜெர்மானிய வான்கப்பல் ஒன்றை முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தி, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். அந்த முதல் உலகப் போரில் மாண்ட பழைய மாணவர்களுக்காகச் செர்வெல் ஆற்றங்கரையில் பள்ளியின் நினைவுச் சிலுவை நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம், எட்டு வயதில் அங்கு வந்து இருபது வயதில் மடிந்த பிள்ளைகளோடு அவர்களின் தாய்மார் உண்மையில் எத்தனை நாள் வாழ்ந்திருப்பார்கள் என்ற எண்ணமே எனக்கு வருகிறது.

அந்தப் பெற்றோருக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. அப்பள்ளியில் பகல் மாணவர்களும் படிக்கிறார்கள். இன்றைய விடுதிகள் பழைய விடுதிகள் அல்ல. அரசு வகுத்த தரவிதிகள், ஆய்வுகள், வார இறுதியில் வீட்டுக்கு வரும் ஏற்பாடுகள் எல்லாம் உண்டு. ஆனாலும், புதிய நாட்டில் கால் ஊன்றுமுன் மகனை வீட்டிலிருந்தும் பிரிப்பது ஒரே ஆண்டில் இரண்டு இடப்பெயர்ச்சி ஆகும். அந்த வயதில் தமிழ் வீட்டுப் பேச்சில்தான் நிலைக்கிறது. விடுதியில் அதற்கு இடமே இராது. சேர்ப்பதானால் பகல் மாணவனாகவே சேருங்கள்.

பணக்கணக்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மேல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்பு பதினொரு வயதில் தொடங்கிவிடும். பிரெப் பள்ளியோ பதின்மூன்று வரை செல்லும். நடுவில் விலகினால் நல்ல அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினமாகலாம் என்பதால், ஐந்தாண்டுச் செலவையும் தாங்க முடியுமா என்று கணக்கிட்டுவிட்டே விண்ணப்பியுங்கள்.

பார்ட்வெல் சாலையில் உள்ள பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். விடுதியையும் காட்டச் சொல்லி, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் எழுந்து வருவார் என்று அங்கே பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனிடமே கேளுங்கள். நாளைக் குறித்துவிட்டுச் சொல்லுங்கள். நானும் உடன் வருகிறேன்.