ஆப் அனுப்பும் ரிக்வெஸ்ட்கள் ஒரே நேரத்தில் போகின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

கேள்வி: ஆண்ட்ராய்ட் ஆப்பைக் கோட்லின் மொழியில் எழுதுகிறேன். சர்வருக்குப் போகும் 6 ஏபிஐ அழைப்புகளையும் அசிங்க்குக்குள் (ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, முடியும்வரை காத்திராமல் அடுத்ததற்குப் போகும் வழி) போட்டிருக்கிறேன். அவை உண்மையிலேயே இணையாக ஓடுகின்றனவா?

லாக்கில் வரும் வரிசையை நம்பாதீர்கள். நேரத்தை அளந்து பாருங்கள். உங்கள் கணினியில் ஒரு சின்ன சர்வர் எழுதி, ஒவ்வொரு பதிலையும் வேண்டுமென்றே 2 நொடி தாமதியுங்கள். எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் ஃபோன்) இருந்து அந்தச் சர்வருக்கான முகவரி 10.0.2.2. ஆண்ட்ராய்ட் 9 முதல் வெறும் எச்டிடிபி (குறியாக்கம் இல்லாத இணைப்பு) இயல்பாகத் தடுக்கப்படும் என்பதால், டீபக் பில்டில் (சோதனைக்கான ஆப் பதிப்பு) மட்டும் அதை அனுமதியுங்கள்.

ஆறுக்கும் மொத்தம் 12 நொடி எடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. பெரும்பாலும் காரணம், அசிங்க் எழுதிய அதே வரியிலேயே அவெய்ட்டும் (முடிவு வரும்வரை காத்திரு என்பது) போட்டிருப்பதுதான். ஆறையும் முதலில் தொடங்கிவிட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்கும் அவெய்ட்ஆல் போடுங்கள்.

4 நொடி வந்தால் குழம்ப வேண்டாம், உங்கள் கோட் சரிதான். ஏபிஐ அழைப்புகளுக்கான லைப்ரரியான ரெட்ரோஃபிட்டின் சஸ்பெண்ட் ஃபங்ஷன்கள் (இடையில் நின்று தொடரக்கூடிய ஃபங்ஷன்கள்), அதன் அடியில் இருக்கும் ஓகேஎச்டிடிபி என்ற நெட்வொர்க் லைப்ரரியின் டிஸ்பேச்சர் (ரிக்வெஸ்ட்களை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதி) வழியாகப் போகின்றன. அது ஒரு ஹோஸ்டுக்கு (ஒரு சர்வர் முகவரிக்கு) ஒரு நேரத்தில் 5 ரிக்வெஸ்ட், மொத்தமாக 64 என்றுதான் விடும். ஐந்து பேர் உள்ளே போக, ஆறாவது ஆள் வாசலில் நிற்கிறார். எச்டிடிபி 2 ஆனாலும் இதே வரம்புதான். டிஸ்பேச்சரில் ஒரு ஹோஸ்டுக்கான வரம்பை 10 என்று மாற்றினால் 2 நொடிக்குச் சற்று மேல் வரும்.

சோதனை சர்வரே ஒரே திரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டை மட்டும் கவனித்து) ஓடினால் எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும். ஆப்பைத் தொடுவதற்கு முன், இரண்டு டெர்மினலில் இருந்து ஒரே சமயத்தில் கர்ல் (சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் கட்டளை) அடித்துப் பாருங்கள். இரண்டுமே 2 நொடியில் திரும்ப வேண்டும்.