மேயர் அமைத்த பணிக்குழுவில் சேரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கிறோம். சென்ற கோடையில் அடுத்தடுத்துத் துப்பாக்கிச் சூடுகள் நடந்ததால், அதைத் தடுக்க வழி சொல்லும்படி மேயர் ஒரு பணிக்குழு அமைத்திருக்கிறார். பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் சார்பில் என்னை அதில் சேரச் சொல்கிறார்கள். “நாலு கூட்டம் போடுவார்கள், ஓர் அறிக்கை தருவார்கள், அதோடு சரி. வெறும் கண்துடைப்பு” என்கிறார் கணவர். சேருவதா, வேண்டாமா?

பதில்: சேருங்கள். ஆனால் உங்கள் கணவர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தைக் கேள்விகளாக்கி முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதுதான் குழுவின் வேலைத்திட்டம் என்றால், உங்கள் மாநிலச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று கேளுங்கள். 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில், மாநகராட்சிகள் தனியாகத் துப்பாக்கிச் சட்டம் இயற்றத் தடையோ வரம்போ இருக்கிறது. அந்தத் தடையை எதிர்த்துப் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரம் வழக்குத் தொடர்ந்தது. 2024 நவம்பரில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதிகாரம் இல்லாத விஷயத்தில் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தால் ஓராண்டு வீணாகப் போய்விடும்.

மாநகராட்சியால் செய்ய முடிந்த வேலை வேறொன்று இருக்கிறது. 1990களின் நடுவில் பாஸ்டன் நகரில் இளைஞர் கொலைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கும் மேல் சில டஜன் கும்பல்களைச் சேர்ந்தவர்களோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. நகரத்து இளைஞர்களில் அவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. அந்தச் சிலரை நேரில் அழைத்து, “சுடுவதை நிறுத்தினால் வேலை, படிப்பு, சிகிச்சை எல்லாவற்றுக்கும் துணை நிற்போம், நிறுத்தாவிட்டால் கும்பல் முழுவதன் மீதும் சட்டம் பாயும்” என்று காவல்துறையினரும் பாதிரிமார்களும், தெருவில் இளைஞர்களோடு பழகும் சமூகப் பணியாளர்களும் ஒன்றாகச் சொன்னார்கள். இளைஞர் கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின.

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் இதை 2012இல் கையில் எடுத்தது. இந்த முறையின் உயிர்நாடி வாராந்தரக் கூட்டம். அந்த வாரத்தில் நடந்த ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டையும் மேசைமேல் வைத்துப் பேசுவார்கள்: சுடப்பட்டவர் யார், எந்தக் கும்பலோடு பழக்கம், பழிவாங்கக் கிளம்பக்கூடியவர் யார், அவர் பேச்சைக் கேட்கும் மாமாவோ பயிற்சியாளரோ யாராவது உண்டா? கூட்டம் முடிந்த கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஆள் போக வேண்டும். இந்தத் திட்டத்தால் துப்பாக்கிக் கொலைகள் சுமார் 31 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அதே ஓக்லண்ட் பிறகு இந்த வேலையைக் கைவிட்டது. 2021 முதல் மூன்று ஆண்டுகளும் கொலைகள் நூறைத் தாண்டின. நகரமே தன் வழிமுறையிலிருந்து விலகிவிட்டது என்று 2024 தொடக்கத்தில் வந்த தணிக்கை பட்டவர்த்தனமாகச் சொன்னது. பாஸ்டனிலும் 2000 வாக்கில் இதே கதைதான். என் அனுபவத்தில், குழு அமைக்காமல் கெட்ட நகரங்களைவிட, பலன் தந்த வேலையைப் பாதியில் விட்டுக் கெட்ட நகரங்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. ஆகவே உங்கள் முக்கியமான கேள்வி இதுவாக இருக்கட்டும்: அறிக்கை வந்த பிறகு, வாராவாரம் இந்தக் கூட்டத்தை நடத்தப்போகும் அதிகாரி யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் உங்கள் கணவர் சொன்னது சரி.

பணத்தையும் விசாரியுங்கள். பல நகரங்கள் 2021 கொரோனா மீட்பு நிதியை வைத்து இத்தகைய திட்டங்களை நடத்தின. அந்த நிதியை 2026 இறுதிக்குள் செலவழித்து முடித்தாக வேண்டும். மத்திய அரசின் நீதி அமைச்சகமும் 2025 ஏப்ரலில் வன்முறைத் தடுப்பு மானியங்கள் பலவற்றை ரத்து செய்துவிட்டது. நகரத்தின் சொந்த பட்ஜெட்டில் ஒதுக்கீடு இல்லையென்றால் திட்டம் நிலைக்காது.

இன்னொரு பொறி, புள்ளிவிவரம். அமெரிக்கா முழுவதும் 2020இல் கொலைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. 2023, 2024 ஆண்டுகளில் நாடெங்கும் வேகமாகக் குறைந்தன. உச்சத்தில் குழு அமைத்த எந்த மேயரும் “எங்களால் குறைந்தது” என்று மார்தட்டலாம். உங்கள் நகரத்தை அதே அளவுள்ள பக்கத்து நகரங்களோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வழக்குகளில் கைது நடந்தது என்பதையும் கேளுங்கள். பிலடெல்பியாவில் 2020இல் உயிரிழப்பில்லாத துப்பாக்கிச் சூடுகளில் கைது நடந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான். சுட்டவன் தெருவில் நடமாடினால், சுடப்பட்டவனின் தம்பி துப்பாக்கியைத் தேடுவான்.

குழு என்ற பெயரில் காவல்துறையின் தனிப்படை ஏதும் வருகிறதா என்றும் பாருங்கள். பால்டிமோரில் சட்டவிரோதத் துப்பாக்கிகளைத் தேட 2007இல் அமைத்த தனிப்படையின் காவலர்களே மக்களிடம் கொள்ளையடித்ததாக 2017இல் கைதானார்கள்; அதன் தலைவருக்கு 25 ஆண்டு சிறை. கண்காணிப்பு இல்லாத படைக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அதே பால்டிமோர் 2022இல் பாஸ்டன் வழிமுறையை நகரின் மேற்குக் காவல் மாவட்டத்தில் தொடங்கி விரிவாக்கியது. 2015 முதல் 2022 வரை ஆண்டுதோறும் 300க்கு மேல் இருந்த கொலைகள் 2024இல் 201 ஆயின. அதில் நாடு தழுவிய சரிவின் பங்கும் உண்டு. ஆனால் மேற்கு மாவட்டத்தைத் தனியே ஆராய்ந்தவர்களும் நல்ல பலனைக் கண்டார்கள்.

கடைசியாக, பெற்றோர் சங்கத்தின் பிரதிநிதியாக நீங்கள் பேச வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். தெருச் சண்டைகளை மட்டும் எண்ணும் குழுவுக்கு இது கண்ணிலேயே படாது. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றிப் பள்ளிகள் ஆண்டுதோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், பெற்றோருக்கு அப்படி ஒரு கடிதம் அனுப்பும்படி பள்ளி வாரியத்திடம் இந்த மாதமே கேட்கலாம்; மேயரின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.